காந்தம் ஒட்டாத பக்கம்

“நீ ‘வரலாம், வரலாம்’னு சொன்னியா இல்லையா?”

“சொன்னேன். அப்புறம் ‘நில்லுங்க’ன்னும்...”

“அது இடிச்சதுக்கு அப்புறம்.”

“முன்னாடி. தூண் பக்கத்துல நின்னு ரெண்டு கையையும் ஆட்டி...”

“நீ ஆட்டினதை நான் பாக்கவே இல்லையே.”

“எப்படிப் பாப்பீங்க? அன்னைக்கு விசேஷ வீட்டுல எங்க அண்ணி பக்கத்துல வந்து நின்னு சிரிக்கிறாங்க, நீங்க பாட்டுக்கு விறைப்பா போறீங்க. இன்னை வரைக்கும் அவங்க எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல.”

“கார் இடிச்சதுக்கும் உங்க அண்ணிக்கும் என்ன சம்பந்தம்?”

“சார், வண்டியைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போட்டா நான் பாத்துடுவேன்” என்றார் டிங்கர், கையைத் துணியில் துடைத்தபடி. “பேசறதை அப்புறம்கூடப் பேசலாம்.”

கணவரும் மனைவியும் விலகி நின்றார்கள். கார் பட்டறை வாசலில் பாதி உள்ளேயும் பாதி தெருவிலுமாக நின்றிருந்தது. முன்பக்க இடது கதவில் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம்; அதிலிருந்து பின்கதவை நோக்கி ஒரு கீறல். கீறலில் அவர்கள் வீட்டு கேட் தூணின் மஞ்சள் சுண்ணாம்பு அப்பியிருந்தது. வேறு யாருடைய காராக இருந்தாலும் அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் மகள் சொல்லிவிட்டாள். போன மாதம் பக்கக் கண்ணாடி உடைந்தபோது சத்தம் போடாமல்தான் சொன்னாள். “அப்பா, இன்னொரு கீறல் பாத்தேன்னா சிட்டுவை உங்க கார்ல அனுப்ப மாட்டேன்.” சிட்டு, மகளின் மகள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அவளை அழைத்து வருவதுதான் அவருக்கு வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே சட்டையை மாட்டிக்கொண்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அது போய்விட்டால் மனுஷன் என்ன செய்வார் என்று நினைத்துப் பார்க்கவே மனைவிக்குப் பயமாக இருந்தது. காலையில் தான்தான் ஒரு நொடி தாமதித்துக் கத்தினோமோ என்ற உறுத்தல் வேறு. அதனால்தான் அவளே முந்திக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுவதற்குள் சரிபண்ணிவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லிக் கூடவே வந்திருந்தாள்.

“சின்ன அடிதானே?” என்றாள் டிங்கரிடம்.

“சின்னதுதாம்மா. ரப்பர் கப் வெச்சு இழுத்தா பள்ளம் வெளிய வந்துடும். பாலிஷ் போட்டா நீங்களே தேடணும்.”

“சாயங்காலத்துக்குள்ள?”

“டீ குடிச்சிட்டு வாங்க, ஆயிடும்.”

அவளுக்கு மூச்சு வந்தது. கணவர் அவளைப் பார்த்து, ‘பாத்தியா’ என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவளும் சிரித்துவிட்டாள்.

டிங்கர் சட்டைப் பையிலிருந்து ஒரு வட்டக் காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கரில் இருந்தது. பெயிண்டைக் கீறாமல் இருக்கத் துணி சுற்றியிருந்தார். அதைப் பள்ளத்தின் மேல் வைத்துக் கையை எடுத்தார். காந்தம் வழுக்கி அவர் கால் பக்கத்தில் விழுந்தது.

“அடடா.”

“என்னாச்சு?” என்றாள்.

“இங்க ஏற்கெனவே பட்டி போட்டிருக்கும்மா. மாவு மாதிரி பூசி, மேல பெயிண்ட் அடிப்பாங்களே, அது. அடியில தகடு ரொம்ப ஆழத்துல இருக்கு. இதை இழுத்தா வெடிச்சுக் கொட்டிடும். யாரு சார் போட்டது? வீட்டுச் சுவருக்குப் பூசற மாதிரி பூசியிருக்காரு.”

கணவர் பட்டறைக் கூரையைப் பார்த்தார்.

“நாம எங்கங்க பட்டி போட்டோம்?” என்றாள் மனைவி.

“வாங்கும்போதே இருந்திருக்கும்.”

“இது நாம புதுசா எடுத்த காரு.”

அவள் குனிந்து காந்தத்தை எடுத்துக்கொண்டாள். முன்பக்க பம்பரில் வைத்தாள். விழுந்தது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து டிங்கர், “அது பிளாஸ்டிக்கும்மா, எப்பவுமே ஒட்டாது” என்றார். அவள் வலது பக்கம் போனாள். சக்கரத்துக்கு மேலே வைத்தாள், டக்கென்று பிடித்துக்கொண்டது. வலது முன்கதவு, பிடித்தது. பின்கதவு, பிடித்தது. பிய்த்துப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. காரைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தாள். பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே வைத்தாள்.

காந்தம் அவள் கைக்கே திரும்பி வந்தது.

அதே கதவுக்குப் பின்னால்தான் சிட்டு உட்காருவாள். அந்தப் பக்கத்து ஜன்னல்தான் வேண்டுமென்று அடம்பிடிப்பாள்.

“இது எப்ப நடந்துச்சு?”

“மார்க்கெட்ல நிறுத்தியிருந்தேன். எவனோ உரசிட்டுப் போயிட்டான்.”

“முன்கதவு?”

“அதுவா. அது ஒரு மதில்.”

“எந்த மதில்?”

“மதிலுக்கெல்லாம் பேரா வெச்சிருக்காங்க?”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“உங்கிட்ட சொன்னா அவகிட்ட சொல்லுவே. அவ சாவியைப் பிடுங்கி வெச்சுப்பா. நீங்க ரெண்டு பேரும் எங்காவது போய் வர்ற நாளாப் பாத்துக் கொண்டு போய்ப் பூசிட்டு வந்தேன். இதைப் போய் ஒரு பெரிய விஷயமா...”

“மதில் வர்றது உங்களுக்குத் தெரியலையா?”

“திடீர்னு வந்துச்சு.”

“மதில் எப்படிங்க திடீர்னு வரும்?”

டிங்கர் எதையோ தேடுவதுபோல உள்ளே போய்விட்டார். கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டு மேசையில் இடது கைப் பக்கம் வைத்த தண்ணீரை அவர் தட்டிவிடுவதும், அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் தூக்கிவாரிப் போட்டதுபோலத் திரும்புவதும், அதற்கெல்லாம் தான் “கவனம் எங்க இருக்கு” என்று கடிந்துகொண்டதும் அவளுக்கு ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. பாவம், அண்ணிகூட அந்தப் பக்கம்தான் நின்றிருப்பாள்.

அவள் கைப்பையில் போன் அடித்தது. மகள்.

“அம்மா, அப்பா கிளம்பிட்டாரா? மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் போகச் சொல்லு. சிட்டு குடை எடுத்துட்டுப் போகல.”

“சரிம்மா.”

“என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல. அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்.”

போனை வைப்பதற்குள் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கை நீட்டினார். “சாவியைக் கொடு. இப்படியே போய்க் கூட்டிட்டு வந்துடறேன். வேலையை நாளைக்கு வெச்சுக்கலாம். அவகிட்ட நானே சொல்லிக்கறேன், தூண்ல லேசா பட்டுச்சுன்னு.”

வந்ததும் அவர் அவளிடம் கொடுத்து வைத்திருந்த சாவி அவள் உள்ளங்கையில், காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கொடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் நடந்துபோய், இடது தோளுக்குச் சற்று முன்னால், கை எட்டும் தூரத்தில் நின்றாள். காலையில் தூணருகே நின்று ஆட்டியதுபோலவே கையை உயர்த்தினாள்.

“நேரா அந்தச் சுவரைப் பாருங்க. தலையைத் திருப்பாதீங்க. என் கை தெரியுதா?”