ரெண்டு விசில்

வாசலில் நின்றுகொண்டு, அப்பாவைப் பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள் பெரியவள்.

"உள்ள ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க வெளிய வந்ததும் போலாம். அதுவரைக்கும் எதிர் வீட்டு மாடிப்படிக்குக் கீழ நில்லுங்க. ஐயோ, சேர்ந்து நிக்காதீங்கன்னு சொல்றேன்ல!"

அவளுக்கு மின்சார ஆபீசில் புகார் போன் எடுக்கிற வேலை. ஊரே இருட்டில் கிடந்து கத்தும்போது, "வேலை நடந்துக்கிட்டிருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று குரல் மாறாமல் சொல்லிச் சொல்லிப் பழகியவள். அந்தக் குரலைத்தான் இன்றைக்கும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் பெற்ற தகப்பன் உள்ளே கிடக்கும்போது, அழுதுகொண்டு வருகிறவர்களைப் பார்த்து அப்புறம் வாங்க என்று சொல்கிற கொடுமை எந்த மகளுக்கு வரும்? வந்திருந்தது.

"என்னடி இது, பொணத்தப் பாக்கவும் வரிசையா?" என்றாள் மூன்றாம் வீட்டுத் தையல்காரி. மூக்கைத் துடைத்துக்கொண்டே மாடிப்படிக்குக் கீழே போய் நின்றாள். கோபமெல்லாம் இல்லை. காரணம் அவளுக்கும் தெரியும்.

போன மாதம் மளிகைக்கடைக்காரருக்கு நடந்த அடக்கத்தைத் தெருவில் யாரும் மறக்கவில்லை. மயானத்து வாசலில் கூட்டமாக நின்றவர்கள் மேல்தான் குண்டு வந்து விழுந்தது. எங்கேயோ கண்காணாத தூரத்தில் ஒரு அறையில் உட்கார்ந்து எவனோ திரையில் பார்த்திருக்கிறான். ஆண்கள் கூடியிருக்கிறார்கள், நீளமாக எதையோ தூக்கி வருகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். செத்தவரை வழியனுப்பப் போனவர்களில் பாதிப் பேர் அவரோடேயே போய்ச் சேர்ந்தார்கள். அதிலிருந்து இந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து நின்று பேசுவது கூடக் கிடையாது. வானத்தில் சின்ன டிரோன் ஒன்று பகல் முழுக்க ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கும். தெருவில் அதற்குப் பெயர் கொசு. கொசு பார்த்துச் சொல்லும், பெரியது எங்கிருந்தோ வந்து அடிக்கும்.

அன்றைக்கு அப்பாவும் அங்கேதான் இருந்தார். தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போனதால் தப்பினார். தப்பினார் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் வாயடிக்கவில்லை. இன்றைக்கு விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அப்பா பஸ் கண்டக்டர். ஊரில் அவருக்கு 'ரைட்டு' என்றுதான் பெயர். எந்த வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். பெஞ்சு போடுவது, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுப்பது எல்லாம் அவர்தான். தூக்குகிற நேரம் வந்ததும் பழக்கதோஷத்தில், "ம், போலாம் ரைட்" என்று விடுவார். அழுதுகொண்டிருக்கிற கூட்டத்தில் ரெண்டு பேராவது சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். அதற்காக யாரும் அவரைக் கோபித்ததில்லை. அந்தக் குரல் கேட்டால்தான் சாவு வீட்டுக்கே ஒரு தைரியம் வரும்.

அப்படிப்பட்ட மனுஷனை ஆளில்லாமல் அனுப்புவதா?

உள்ளே அம்மா அதையேதான் கேட்டாள்.

"ஊர்ல எத்தனை பேருக்குத் தோள் குடுத்தவருடி உங்கப்பா. அவருக்கு நாலு பேர் இல்லையா?"

"நாலு பேரு சேர்ந்து தூக்கினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

பெரியவள் அப்பாவின் சட்டைக் காலரைச் சரி செய்வது போலக் கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். அவர் கழுத்தில் போட்டிருந்த கருப்புக் கயிற்றில் விசில் தொங்கியது. ஓய்வு பெற்ற பிறகும் அதைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்தவர்.

அப்போது போன் அடித்தது. சின்னவன்.

அவளுடைய தம்பி. ரெண்டு கடல் தாண்டி வேலைக்குப் போனவன், இங்கே போர் ஆரம்பித்து விமானமெல்லாம் நின்றுபோனதில் அங்கேயே மாட்டிக்கொண்டான். ஊருக்கு வர முடியாத ஆத்திரத்தை இணையத்தில் தீர்த்துக்கொண்டிருந்தான். மளிகைக்கடைக்காரர் அடக்கத்தில் விழுந்த குண்டைப் பற்றித்தான் ஒரு மாதமாக அவனுக்குச் சண்டை. அது அடக்கமே இல்லை, ஆயுதக்காரர்கள் கூட்டம் என்று ஒரு கும்பல் எழுதும். இவன் வரைபடம் போட்டு, நிழலை அளந்து, இதோ மயானத்துச் சுவர், இதோ பெட்டி என்று வட்டம் போட்டுக் காட்டுவான். அவனை நாற்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். கண்ணால் பார்த்த சாட்சியாக அப்பாவை ரெண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கெஞ்சினான். அப்பா அன்றைக்குத்தான் அவனிடம் கடைசியாகக் குரலை உயர்த்தினார். "செத்தவன் செத்தான்னு நான் எதுக்குடா இவனுங்களுக்கு நிரூபிக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அப்பாவும் பிள்ளையும் அதற்குப் பிறகு பேசவில்லை.

"அக்கா, மூஞ்சியக் காட்டேன். ஒரே ஒரு தடவை."

காட்டினாள். திரையில் அவன் தாடை மட்டும் ஆடியது.

"எல்லாருக்கும் சொல்லிட்டேங்கா. அப்பா படத்தப் போட்டு எழுதியிருக்கேன். நாலு மணிக்கு அடக்கம்னு."

பெரியவள் போனை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்தாள்.

"எங்கன்னு போட்டியா?"

"ஆமாங்கா, மயானம் பேரு போட்டுத்தான்..." அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. ஒரு மாதமாக வரைபடத்தில் வட்டம் போடுகிறவன், தன் வீட்டுச் சாவுக்கு எல்லா மகனும் போடுகிற மாதிரி ஒரு தகவலைப் போட்டுவிட்டான். அழுகிற நேரத்தில் எவனுக்குத்தான் புத்தி வேலை செய்யும்?

"உடனே எடுத்துடு."

"எடுத்துட்டேன். இப்பவே எடுத்துட்டேன். ஆனா யார் யாரு பாத்தாங்களோ தெரியல. ஒருத்தன் கீழ கேட்டிருந்தான்கா, எத்தனை பேர் வருவாங்கன்னு. நான் பாவி, நிறையப் பேர் வருவாங்கன்னு பதில் போட்டிருக்கேன்."

அவனைத் திட்ட வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சரி விடு. நாங்க பாத்துக்குறோம்" என்று வைத்துவிட்டாள்.

டிரைவர் மாமா சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா பின்னால், இவர் முன்னால் என்று ஒரே பஸ்ஸில் ஓடிக் கிழவர்களானவர்கள்.

"நாலு மணின்னா நாலு மணிக்கா போகணும்? எங்க ரெண்டு பேருக்கும் பஸ்ஸ என்னைக்கு நேரத்துக்கு எடுத்துப் பழக்கம்? இப்பவே கிளம்பிடலாம்மா."

"இப்பவேன்னா யாரு தூக்குறது மாமா?"

"தூக்க வேண்டாம். டிப்போவுல டயர் ஏத்துற தள்ளுவண்டி இருக்கு, கொண்டு வந்திருக்கேன். தள்ள ரெண்டு பேர் போதும்."

அம்மா அங்கிருந்தே கேட்டாள். "ரெண்டே ரெண்டு பேரா? மத்தவங்கல்லாம்?"

"அது ஸ்டாப் ஸ்டாப்பாப் போகும் தங்கச்சி. இங்க ரெண்டு பேர் ஏறுவோம். மூணாவது வீட்டுல ஒருத்தர் இறங்கட்டும், தையல்காரி ஏறட்டும். பேக்கரி முக்குல இன்னொருத்தர் இறங்கட்டும், பேக்கரிக்காரர் ஏறட்டும். மயானம் வரைக்கும் இப்படியே. எந்நேரமும் வண்டில ரெண்டு பேர்தான். மேல இருந்து பாக்குறவனுக்கு ரெண்டு பேர் ஏதோ சாமான் தள்ளிக்கிட்டுப் போற மாதிரிதான் இருக்கும். ஆனா ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம கை வெச்சிருப்பாங்க."

அம்மா யோசித்தாள். பிறகு எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மருந்துக்கடை ஸ்டாப்புல நான் ஏறுவேன்."

"முட்டி வலிய வெச்சுக்கிட்டு எப்படிம்மா?"

"ஏறுவேன்னு சொன்னேன்."

சேதி போனில் போகவில்லை. வாய்வழியாக ஜன்னலுக்கு ஜன்னல் போனது. மாடிப்படிக்குக் கீழே நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து அவரவர் இடத்துக்குப் போய் நின்றார்கள். பெட்டியை வீட்டுக்குள்ளேயே மூடி, வண்டியில் ஏற்றி, மேலே ஒரு சாக்கைப் போர்த்தினார்கள். முதல் ஸ்டாப்புக்கு டிரைவர் மாமாவும் பெரியவளும். ரெண்டு பேரும் கைப்பிடியைப் பிடித்தார்கள்.

வண்டி நகரவில்லை.

"தள்ளுங்க மாமா."

மாமா கைப்பிடியைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்தில் கொசுச் சத்தம் கேட்டது.

"மாமா! நேரமில்ல."

"முடியலம்மா," என்றார் அவர். சின்னப் பிள்ளை போல உதடு பிதுங்கியது. "அவன் விசில் குடுக்காம நான் ஒருநாள்கூட எடுத்ததில்ல. கை வர மாட்டேங்குது."

பெரியவள் வாசலைப் பார்த்தாள். அம்மா அங்கே நின்றிருந்தாள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் கழற்றிய விசில் அவள் கையில் இருந்தது. நாலடி வந்து அதை மகளிடம் நீட்டினாள். சின்ன வயதில் அதைத் தொட்டாலே அப்பா கத்துவார், அது விளையாட்டுச் சாமான் இல்லை, ஜனங்கள் உயிர் என்று. பெரியவள் அதை வாயில் வைத்தாள். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். ஒன்று. ரெண்டு.

மாமா வண்டியைத் தள்ளினார்.

மூன்றாம் வீட்டில் பெரியவள் கையை எடுத்தாள், தையல்காரி கையை வைத்தாள். அந்த இடத்தில் வண்டி நிற்கக்கூட இல்லை. பெரியவள் எதிர்ப்புறம் கடந்து, சுவரோரமாக வாசல் வாசலாக முன்னால் போனாள். பேக்கரி முக்கில் மாமா இறங்கிக்கொண்டார். மாவுக் கையை வேட்டியில் துடைத்தபடி பேக்கரிக்காரர் ஏறினார். கொசு இப்போது நேர் மேலே வந்து நின்றுகொண்டது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓடினால்தான் அது கவனிக்கும் என்று ஊருக்கே தெரியும். எத்தனை பேரை இன்றைக்குக் கொல்லப் பார்க்கிறேன் என்று பெரியவள் நினைத்தாள். வண்டி அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சலூன்காரர், பள்ளிக்கூட வாட்ச்மேன், அப்பாவிடம் சில்லறைக்குச் சண்டை போட்டுப் பல வருஷமாகப் பேசாமலிருந்த பால்காரர் என்று ஒருவர் இறங்க ஒருவர் ஏறினார்கள். மருந்துக்கடையில் அம்மா ஏறினாள்.

அடுத்த ஸ்டாப் வந்தது. அம்மா கையை எடுக்கவில்லை. ஏறுவதற்கு நின்ற ஆளைப் பார்த்து வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அதற்கடுத்த ஸ்டாப்பிலும் அப்படித்தான். கூடத் தள்ளுகிறவர்கள்தான் மாறினார்கள்.

ஒன்றும் விழவில்லை. அடக்கம் முடிந்து எல்லாரும் தனித்தனியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நாலு மணிக்கு மயானத்துக்கு மேல் கொசு ரொம்ப நேரம் சுற்றியதாகப் பள்ளிக்கூட வாட்ச்மேன் மறுநாள் காலையில் வந்து சொன்னார்.

அதே காலையில் சின்னவன் கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன் பாரு. குண்டு போடுற பக்கத்துக்காரன் போட்டது. இது நம்ம தெருதானே?"

திறந்தாள். சத்தமில்லாத கருப்பு வெள்ளைப் படம். உயரத்திலிருந்து தெரு, கூரைகள், நடுவில் ஒரு வண்டி, பக்கத்தில் ரெண்டு புள்ளிகள். கீழே கருத்துகள் மேல் கருத்துகள். சாக்குக்கு அடியில் ராக்கெட் என்று ஒருவன். தண்ணீர்த் தொட்டி, பைத்தியமா உனக்கு என்று இன்னொருவன். ஆள் மாறும் விதத்தைப் பாருங்கள், நன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள் என்று ஒரு நிபுணர். பழைய வீடியோ, போலி என்று நாலு பேர்.

"நான் ஒண்ணும் எழுதலக்கா," என்றான் சின்னவன். "எழுதட்டுமா?"

"வேணாம்டா. யாருக்கு நிரூபிக்கப் போற?" அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "யார் யாருன்னு கேளு, நான் சொல்றேன்."

அவன் கேட்டான். அவள் சொன்னாள். இது தையல்காரி, பாரு, எப்படி வாத்து மாதிரி நடக்குறா. இது பேக்கரிக்காரர். இது யாருன்னு நெனைக்கிற? பால்காரர்டா! ஆமா, சத்தியமா. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான்.

"இது யாருக்கா? எல்லாரும் மாறுறாங்க, இந்த ஆள் மட்டும் இறங்கவே இல்ல."

"அம்மா."

அதற்குப் பிறகு கொஞ்ச தூரத்தில், மயானத்துச் சுவர் தெரிவதற்கு முன்னாலேயே வீடியோ முடிந்துவிட்டது.

"ஆரம்பத்துல வண்டி அவ்வளவு நேரம் நின்னுச்சே," என்றான் சின்னவன். "எதுக்கோ சிக்னலுக்குக் காத்திருக்காங்கன்னு அந்த நிபுணர் எழுதியிருக்கான். எதுக்குக்கா நின்னுச்சு?"

"விசில் குடுக்கணும்ல? குடுத்தாதானே மாமா எடுப்பாரு. நான்தான் குடுத்தேன்."

"முதல்ல இருந்து ஒரு தடவை பாக்கலாமாக்கா?"

அவள் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். வீட்டு வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது.