அமைச்சன் கொப்பி

ஸ்டுட்கார்ட்டில் பதினான்கு கட்டடங்களின் படிக்கட்டுகளை நான் துடைக்கிறேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன. அதில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பேராசிரியர் இர்ம்கார்ட் இருந்தார். அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் எல்லாம் முடித்து நாற்பது வயதில் தமிழுக்கு வந்தவர். இப்போது எழுபத்தாறு. ஒரு கண் தெரியாது, மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. மன்னாரில் கிடைத்த, கையால் எழுதிய பழைய கூத்துக் கொப்பி ஒன்றைப் பதினொரு வருடம் ஆராய்ந்து புத்தகமாக்கியிருந்தார். திங்கட்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும்.

சனி காலை அவருடைய கதவு திறந்திருந்தது. அச்சுப்படியைச் சத்தமாக வாசித்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். அமைச்சன் பாட்டு. அவர் நிறுத்திய இடத்தில், வாளியோடு வெளியே நின்ற நான் என்னை அறியாமல் அடுத்து வரும் அரசன் பாட்டைப் பாடிவிட்டேன்.

எழும்பி ஓடி வந்தார்.

“யாகோப்பு, இவ்வடிகளை எங்கே கற்றீர்கள்?”

“எங்கட ஊர்க் கூத்து, அம்மா. அதில நான் காவற்காரன். ஈட்டியோட சும்மா நிக்கிற வேலை. எழுத்துத் தெரியாதவனுக்கு அதுதானே தருவாங்கள். எல்லாற்ற பாட்டும் காதில விழும்.”

“அரசனின் பாடல்கள் அழிந்துவிட்டன. ஒவ்வோரிடத்திலும் இரண்டு சொற்களே எஞ்சியுள்ளன.”

கொப்பியின் படத்தைக் காட்டினார். நாற்பத்தொன்பது வயதில் எழுத்துப் படித்தவன் நான். விரல் வைத்துத்தான் வாசித்தேன். சொன்னால் அவருடைய பதினொரு வருடம் போகும். சொல்லாவிட்டால் பொய் அச்சாகும்.

“அம்மா, ஒண்டும் அழியேல்லை. முழுக் கூத்தும் பழக்கிற அண்ணாவியாரிட்டைத்தான் இருக்கும். நடிக்கிறவனுக்கு அவன்ர பாட்டை மட்டும் எழுதிக் குடுக்கிறது. மற்றவன் எதில முடிப்பான் எண்டு தெரிய, அவன்ர கடைசி ரெண்டு சொல் மட்டும் மேல. இது அமைச்சனா ஆடினவன்ர கொப்பி.”

அழிவைப் பற்றியே முப்பது பக்கம் எழுதியிருந்தார். அவற்றைத் தனியாக உருவி எடுத்தார்.

“இதை ஒருவரும் எனக்குக் கூறவில்லையே!”

“நீங்கள் பெரிய ஆக்களிட்டையெல்லோ கேட்டனீங்கள். படி கூட்டுறவனிட்டைக் கேக்கேல்லையே.”

சிரித்துவிட்டார். உடனே பதிப்பகத்துக்குப் போன் எடுத்தார். திங்கள் இல்லை, அடுத்த வருடமும் நிச்சயமில்லை என்றார். அந்தப் பக்கத்து மனுசன் கத்தியது எனக்கே கேட்டது. கண் அதுவரை தாங்குமா என்று கேட்டான்.

“தாங்காவிட்டால் காதால் முடிப்பேன்,” என்று ஜெர்மனில் சொல்லிப் போனை வைத்தார்.

முப்பது பக்கத்தையும் வெற்றுப் பக்கம் மேலே வரத் திருப்பிப் போட்டார்.

“பாடுங்கள்.”

“இன்னும் ரெண்டு மாடி கிடக்கு, அம்மா.”

“படிகள் எங்கும் ஓடிவிடா.”

வாளியை உள்ளே இழுத்து வைத்தேன். கதிரையில் உட்கார்ந்து, அரசன் சபைக்கு வரும் பாட்டிலிருந்து தொடங்கினேன்.