கூட வருபவர்: ஒருவர் மட்டும்

1

இந்தக் கதைக்கு மூல காரணம் வயிற்றெரிச்சல். சமூக அக்கறை என்று போட்டுக்கொண்டிருக்கலாம். பத்திரிகை ஆசிரியரும் அதைத்தான் எதிர்பார்த்தார். "மூளை வளர்ச்சி கம்மியா இருக்கிறவங்க ஆஸ்பத்திரில படுற பாட்டை உங்க தம்பியை வெச்சு ஒரு கதையா எழுதிக் குடுங்களேன்" என்றார் தொலைபேசியில். சரி என்று உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் ஆரம்பித்தாலும் இரண்டாவது பத்தியில் அந்த நர்ஸ் வந்து நின்றுகொள்கிறாள். அதற்கு மேல் பேனா ஓடமாட்டேன் என்கிறது.

ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் நான்கு புத்தகங்கள் எழுதியவள். அவள் எழுதியது ஒரே ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தின் மேல்தான் எனக்குப் பொறாமை.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"ஆஸ்பத்திரியின் நீண்ட தாழ்வாரத்தில் காலை வெயில் மெல்ல—" [வேண்டாம். வெயிலை வைத்தே மூன்று புத்தகம் ஓட்டிவிட்டேன்.]

"அவள் ஒன்றும் அப்படி அழகி இல்லை." [இது கதையே இல்லை. தவிர, பொய்.]

"என் தம்பிக்கு நாற்பத்தொரு வயது." [இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போவோம்.]

என் தம்பிக்கு நாற்பத்தொரு வயது. எழுதப் படிக்க வராது, மணி பார்க்க வராது. பேசுவான், ஆனால் அவன் பேச்சு பழகியவர்களுக்குத்தான் பிடிபடும். பகலில் அட்டைப்பெட்டி மடிக்கும் பட்டறைக்குப் போகிறான். அங்கே அவனளவுக்கு மூலையைக் கச்சிதமாக மடிப்பவர் யாருமில்லை என்று மேற்பார்வையாளரே சொல்வார். அம்மா அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் சொல்வதை உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் வேலை பதினோரு வருடமாக என்னுடையது.

டாக்டரிடம் போவோம். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்பார், நான் பதில் சொல்வேன், தம்பி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தூங்கமாட்டேன் என்கிறானா? "இவங்களுக்கெல்லாம் இப்படித்தாம்மா இருக்கும்." சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறானா? "இப்படித்தாம்மா இருக்கும்."

[நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இதை அடைப்புக்குறிக்குள் ஒளித்துவைப்பது கோழைத்தனம் என்று தெரிகிறது. இருந்தாலும் இங்கேயே இருக்கட்டும்.]

3

என்னை நாலு பேருக்குத் தெரியவைத்தது ஒரு பஸ்.

தம்பி சாப்பிட்டுக்கொண்டே இருப்பான். திடீரென்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்பான். "அக்கா, பஸ் வந்துடுச்சு" என்பான். ஜன்னலுக்கு வெளியே தெரு காலியாக இருக்கும். எங்கள் தெருவுக்குள் பஸ் வருவதே கிடையாது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்வான்.

அதை நான் கதையாக எழுதினேன். யார் கண்ணுக்கும் தெரியாத பஸ். அதில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். தன்னை ஏற்றிக்கொள்ள வருவாள் என்று தம்பி எழுந்து நிற்கிறான். வாசகர்கள் அழுதார்கள். ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். எனக்கு ஒரு கேடயமும் கொடுத்தார்கள். அது அலமாரியில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை தோறும் துடைப்பேன்.

[துடைப்பேன் என்பதை 'துடைத்துவந்தேன்' என்று மாற்ற வேண்டும்.]

4

இப்போது அவளை உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும்.

என் தம்பி மாதிரி ஆட்களுக்கென்றே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸைப் போட்டார்கள். முப்பது வயதுக்குச் சற்று மேல். பேனா மூடியைக் கடிப்பாள்.¹ கூட்டம் சேர்வதற்கு முன்னால், காலையில் முதல் ஆளாக வரச் சொன்னாள். மற்றவர்களுக்குக் கொடுப்பதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஒதுக்கியிருந்தாள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை ஒரு வாரம் முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள், பழகிக்கொள்ளட்டும் என்று. தம்பி அதை நாற்காலிக் கைக்கெல்லாம் கட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் கையில் கட்டிக்கொண்டே டிவி பார்த்தான்.

உள்ளே போனதும் அவள் என்னிடம் பேசவில்லை. அவனிடம் பேசினாள்.

"வாங்க சார். எங்க உக்கார்றீங்க? இந்த நாற்காலியா, ஜன்னல் பக்கமா?"

சார்! நாற்பத்தொரு வருடத்தில் அவனை யாரும் சார் என்றதில்லை. சட்டைப் பொத்தானை மேலே வரை போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நானும் முயன்று பார்த்தேன். "சாப்பிட வாங்க" என்றேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். "அக்காவுக்குக் காய்ச்சல்" என்றான்.

¹ அவளிடம் நான் கண்டுபிடித்த ஒரே குறை. கதாபாத்திரம் நம்பும்படி இருக்க இரண்டாவது ஒன்றும் வேண்டும் என்று தேடினேன், அகப்படவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் எல்லாரும் கூப்பிடுவதுபோல் தம்பியும் அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறான். கூடப் பிறந்தவள் நான். பட்டம் அவளுக்கு.

5

இரண்டாவது முறை போயிருந்தபோது, அவள் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கையிலேயே தம்பி எழுந்து நின்றான்.

"பஸ் வந்துடுச்சு."

நான் என் வழக்கமான சிரிப்பைச் சிரித்தேன். "அது ஒண்ணுமில்ல சிஸ்டர், அவனோட கற்பனை. நான்கூட அதைப் பத்தி ஒரு—"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க வந்திருக்கு சார்? தொட்டுக் காட்டுங்க."

தம்பி சட்டையைத் தூக்கினான். வலது விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்தான்.

"சின்ன பஸ்ஸா, பெரிய பஸ்ஸா?"

"மாடி பஸ்" என்றான். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

அன்றைக்கே வயிற்றை ஸ்கேன் எடுக்க வைத்தாள். பித்தப்பை நிறையக் கல். இதற்குள் இரண்டு தடவையாவது சீழ்பிடித்து ஆறியிருக்க வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். மூன்றாவது தடவை தாங்காது, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்றார்.

பஸ் எப்படி வந்தது என்பதையும் அவனிடமே கேட்டுக் கேட்டு அவள் பிடித்துவிட்டாள். முதல் தடவை வலி வந்தது பட்டறை வாசலில். அதே நேரம் பட்டறை பஸ்ஸும் வந்திருக்கிறது. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்து "பஸ் வந்துடுச்சு, பஸ் வந்துடுச்சு" என்று கத்தியிருக்கிறார்கள். வயிற்றுக்குள் வந்ததற்கு அதுதான் பெயர் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

நான்கு வருடம் அவன் எனக்குத் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறான். நான் அதில் அம்மாவை உட்காரவைத்துவிட்டேன்.

6

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று அவளைக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"உங்க கதையைப் படிச்சுத்தான் மேடம்" என்றாள்.

[இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அதில் நான் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன்.]

"போன வருஷம் லைப்ரரில படிச்சேன். அவர் எழுந்து நிக்கிறப்போ வலது கையை விலாவுக்குக் கீழ அழுத்திக்கிறார்னு எழுதியிருக்கீங்க. வேர்க்குதுனு எழுதியிருக்கீங்க. எண்ணெயில பொரிச்சது சாப்பிட்ட அன்னைக்குத்தான் பஸ் வருதுன்னுகூட இருக்கு. படிச்சப்பவே இது பித்தப்பையாச்சேன்னு தோணிச்சு. கதைதானேன்னு விட்டுட்டேன். அன்னைக்கு சார் எழுந்து நின்னு பஸ்ஸுன்னதும் தூக்கிவாரிப் போட்டுச்சு." பேனா மூடியைக் கடித்தாள். "எல்லாம் நீங்க கவனிச்சதுதான் மேடம். நான் படிச்சேன், அவ்ளோதான்."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன், சண்டை போட்டிருப்பேன். எனக்குக் கிடைத்த வாசகர்களிலேயே கெட்டிக்காரி அவள்தான். அழுத அத்தனை பேரிலும் ஒருவர்கூட விலாவைக் கவனிக்கவில்லை. எழுதிய நானே கவனிக்கவில்லை.

7

அவள் எழுதிய பக்கம் இதுதான். அவனுடைய கோப்பின் முதல் தாளாக வைத்திருக்கிறாள், எந்த டாக்டர் திறந்தாலும் கண்ணில் படும்படி. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் அவனுக்குப் படித்துக் காட்டி, அவன் சரி என்ற பிறகுதான் எழுதினாளாம்.

"என்னிடம் நேராகப் பேசுங்கள். மெதுவாகப் பேசினால் புரியும்.
'பஸ் வந்துடுச்சு' என்றால் எனக்கு வலிக்கிறது. எங்கே என்று கேட்டால் தொட்டுக் காட்டுவேன்.
மாடி பஸ் என்றால் தாங்க முடியவில்லை.
சரி என்று தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.
ஊசி போடும்போது அக்காவின் முகத்தைப் பார்ப்பேன். அக்கா பயந்தால் நானும் பயப்படுவேன்."

ஒரு சொல்லாவது மிகையாக இருக்காதா என்று பென்சிலோடு உட்கார்ந்து பார்த்தேன். எடுக்க ஒன்றுமில்லை. சேர்க்கவும் ஒன்றுமில்லை. என் நான்கு புத்தகத்திலும் இப்படி ஒரு பக்கம் கிடையாது. ஆசிரியர் கேட்ட கதையை அவள் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டாள்.

கடைசி வரியைப் பாருங்கள். எல்லாரையும் எழுதிக்கொண்டிருந்த நான் அதில் ஒரு கதாபாத்திரம். பயந்தாங்கொள்ளிக் கதாபாத்திரம். மறுக்கவும் முடியாது. இரண்டு வருடம் முன்பு பல் பிடுங்க அழைத்துப்போனபோது ஊசியைக் கண்டதும் என் முகம் போன போக்கில் அவன் எழுந்து ஓடினான். ஆஸ்பத்திரி அங்கியோடு வண்டி நிறுத்துமிடம் வரை துரத்திப் பிடித்தோம். பல் அப்படியே இருக்கிறது.

8

அறுவை சிகிச்சை வியாழக்கிழமை. மயக்க மருந்து கொடுக்கும் அறைக்குள் அவனோடு ஒருவர் போகலாம். அவன் அமைதியாக இருந்தால் பத்து நிமிட வேலை. ஓடினால் நாள் தள்ளிப்போகும். தள்ளிப்போகும் நாளுக்குள் மாடி பஸ் வந்துவிடலாம்.

அதற்கொரு படிவம். மேலே 'கூட வருபவர்: ஒருவர் மட்டும்' என்று அச்சடித்திருக்கிறது. அதன் கீழே நர்ஸ் இரண்டு புகைப்படங்களை ஒட்டி, பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டிருக்கிறாள். ஒன்று நான். இன்னொன்று அவள்.

"நீங்களும் வரீங்களான்னு சார் என்னைக் கேட்டாங்க மேடம். அதான் என் படத்தையும் வெச்சேன்" என்றாள். "அவங்களையே டிக் போடச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல இருங்க. சொல்லிக் குடுக்க வேணாம்."

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) நானே என் படத்துக்கு டிக் போட்டுவிடுகிறேன். யாருக்குத் தெரியப்போகிறது? வியாழக்கிழமை உள்ளே போகிறேன். அவன் என் முகத்தைப் பார்க்கிறான். [இதற்கு மேல் எழுதவில்லை.]

(ஆ) கண்ணீரோடு அவள் படத்துக்கு டிக் போடுகிறேன். என்ன பெரிய மனசு என்கிறீர்கள். இன்னொரு கேடயம் வருகிறது. [இதிலும் அவனுக்காகப் பதில் சொன்னது நான்தான்.]

(இ) அவள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விடுகிறாள். [இதை எழுதும்போது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதைப் பதிவுசெய்கிறேன்.]

9

மூன்றையும் கிழித்துவிட்டு, இன்று சாயங்காலம் தம்பி பட்டறையிலிருந்து வந்ததும் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மெதுவாகச் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னேன்.

"ஊசி ரூம்ல ஒரு ஆளு. நான் டிக்" என்றான்.

"ஆமாண்டா. யாரு வேணுமோ அவங்களுக்கு."

பேனாவை எடுத்தான். படிவத்தின் மூலையை முதலில் நீவிவிட்டுக்கொண்டான், அட்டை மடிக்கும் பழக்கம். பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான். அது என்னவாக இருந்ததோ தெரியவில்லை.

"பாக்காத அக்கா. அந்தப் பக்கம் திரும்பு."

திரும்பிவிட்டேன். இதை அலமாரியைப் பார்த்தபடி நின்றுகொண்டு எழுதுகிறேன். முதுகுக்குப் பின்னால் பேனா உரசுகிறது. நிற்கிறது. மறுபடி உரசுகிறது. ஒரு டிக்குக்கு இத்தனை நேரமா?

நீங்கள் அவன் பக்கம்தான் நிற்கிறீர்கள். உங்களுக்குத் தெரிகிறது. என் படமாக இருந்தால் மட்டும் லேசாக ஒரு இருமல் இருமுங்கள், போதும்.

அவள் படமாக இருந்தால் ஒன்றும் சொல்லாதீர்கள். அவனோடு ஏதாவது பேசிக்கொண்டு ஒரு நிமிடம் பிடித்துவையுங்கள். நான் முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்ப வேண்டும். நிமிர்ந்ததும் அவன் முதலில் பார்க்கப்போவது அதைத்தான்.