மாதேஷ் என்றால் மூன்று எழுத்து

சிவசக்தி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து அவள் பேருக்கு இணையத்தில் ஒரு கேள்வி வந்தது. நாகலூரில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள் அவள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய ஒரு கணினி மொழியில் பிழை இருக்கிறது என்று எழுதிப் போட்டிருந்தாள். அந்த மொழியை உருவாக்குகிறவர்கள் அதை இப்போதுதான் சரிசெய்திருந்தார்கள்.

கூட வேலை பார்த்த கௌரி அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு வந்து, சிவசக்தியின் கணவன் மாதேஷிடம் விவரம் சொன்னாள்.

"அது தமிழ் எழுத்தத் தப்பா எண்ணுதுங்கண்ணா. அக்கா உங்க பேரத்தான் போட்டுக் காட்டியிருக்காங்க. மூணு எழுத்த ஆறுன்னு சொல்லியிருக்குது. இப்ப சரியாயிருச்சான்னு அக்காவக் கேக்கறாங்க."

எஸ்டேட் ஜீப் ஓட்டும் மாதேஷுக்கு மனைவியின் வேலை ஒன்றும் புரிந்ததில்லை. தன் பேரை அங்கே எழுதியதையும் அவள் சொன்னதில்லை. அவளுடைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்து வந்தான். கௌரி புதிய பதிப்பை இறக்கி, அவன் பேரை அடித்தாள். மூன்று என்று வந்தது.

"சரின்னு எழுதிட்டா முடிச்சிருவாங்களா?"

"ஆமாங்கண்ணா. அப்பறம் இதப் பத்தி அக்காவுக்கு ஒண்ணும் வராதுங்க."

மாதேஷ் திரையில் இருந்த தன் பேரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு நாளைக்கு எழுதிக்கலாங்களா?" என்றாள் கௌரி.

"வேண்டாம் கண்ணு. பாவம், காத்துட்டிருப்பாங்க. அவ இல்லீன்னு எழுது. அவ ஊட்டுக்காரன் பாத்தான், சரியா இருக்குதுன்னு எழுது."

அவள் இல்லை என்று அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, கௌரி அதை அப்படியே எழுதி அனுப்பினாள்.