ஒன்பதாம் பீப்பாயில் பாட்டு

ஆளுயர ஒயின் பீப்பாய்க்குள் நுழைகிறவன் விடாமல் பாட வேண்டும். டோரு ஆற்றங்கரையில் இருந்த அந்தத் திராட்சைத் தோட்டத்தில் அதுதான் சட்டம். பாட்டு நின்றால் உள்ளே காற்று கெட்டுவிட்டது என்று அர்த்தம். வெளியே இருப்பவர்கள் உடனே இடுப்புக் கயிற்றை இழுத்து ஆளை எடுத்துவிடுவார்கள்.

வானியாவின் அப்பாவை யாரும் இழுக்கவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், இதே ஒன்பதாம் பீப்பாய். "கடைசி வரைக்கும் பாடிக்கிட்டுதாம்மா இருந்தாரு" என்று மேஸ்திரி பெல்மிரு சவப்பெட்டி பக்கத்தில் நின்று சொன்னார். செத்துக்கொண்டிருப்பவன் பாடுவானா? கயிற்றைப் பிடித்திருந்த இந்த மேஸ்திரிதான் குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான் என்று பதினோரு வயதிலேயே அவள் முடிவு கட்டிவிட்டாள். படித்ததே அந்தக் கோபத்தில்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி. இப்போது அதே தோட்டத்தில் ஒயின் இன்ஜினியர். சேர்ந்து இருபது நாள்.

அறுவடைக்கு முன் பழைய போர்ட் ஒயினை வடித்துவிட்டு, அடியில் படிந்த வண்டலைச் சுரண்ட வேண்டும். உள்ளே காற்றடிக்க ஒரு ஃபேன் கேட்டாள். "அறுவடை முடியட்டும்" என்றார் முதலாளி. வேலை போய்விடுமே என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன இன்ஜினியரம்மா, மூஞ்சி புளிச்ச ஒயினாட்டம் இருக்கு?" என்றான் அடெரிட்டு. அவளோடு ஒரே பெஞ்சில் படித்து, எட்டாவதோடு நின்றவன். பீப்பாயின் அடியிலிருந்த முழங்கால் உயரக் கதவுக்குள் தோளைத் திணித்துப் பார்த்தான். "எங்க மாமியா வெச்ச உப்புமீனை ஒரு தட்டோட நிறுத்தியிருக்கணும்."

"உள்ள போய்ப் பாடுடா. உன் குரலுக்குப் பயந்து வண்டலே தானா வெளிய ஓடி வந்துரும்."

இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுநுனியை பெல்மிருவிடம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நுழைந்தான். சுரண்டும் சத்தமும் பாட்டும் ஒன்றாகக் கேட்டன. 'ஆற்றுக்கு அக்கரையில் அவள் வீடு, ஓடக்காரனுக்கோ தூக்கம்' என்கிற அறுவடைப் பாட்டு. முதல் அடி மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அதையே சுருதி தப்பித் தப்பிப் பாடினான்.

கொஞ்ச நேரத்தில் சுரண்டுவது நின்றது. பாட்டு நிற்கவில்லை. சுருதி சரியாகியிருந்தது. இரண்டாம் அடி வந்தது.

*முன்பல் விழுந்த ராணிக்கு மூணு திராட்சை கொடுங்கடி...*

வானியா கதவருகே ஓடினாள். அவளுக்கு ஆறு வயதில் பல் விழுந்தபோது அப்பா கட்டிய அடி அது. வீட்டைத் தாண்டி அது எங்கேயும் போனதில்லை.

"இழுங்க மாமா!"

கயிற்றைப் பிடித்திருந்த பெல்மிரு அசையவில்லை. "பாடுறான்ல? விடு."

கயிற்றைப் பிடுங்கி அவளே இழுத்தாள். கால்தான் முதலில் வந்தது. பிறகு தொங்கிய தலை, நீலம் பாரித்த உதடு. மார்பில் ஓங்கிக் குத்தினாள். மூன்றாவது குத்துக்கு அடெரிட்டு இருமினான், வாந்தியெடுத்தான், மூச்சு விட்டான்.

பீப்பாய்க்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

பெல்மிரு தொப்பியைக் கழற்றினார். "அன்னைக்கும் இப்படித்தான், பாப்பா. ஆனா அது உங்கப்பா குரல் இல்ல. அவருக்கு முன்னாடி இதுக்குள்ள செத்தவன் குரல்."

"தெரிஞ்சுமா விட்டீங்க? தெரிஞ்சுமா இன்னைக்கு இவனை அனுப்பினீங்க?"

"பீப்பாய் பாடுதுன்னு சொன்னா எவன் நம்புவான்? வேலையை விட்டுத் துரத்தியிருப்பாங்க."

அவரை அறையத்தான் கையை ஓங்கினாள். வேலைக்குப் பயந்து வாய் மூடியவள் அவளும்தான். கை இறங்கிவிட்டது.

அடெரிட்டுவின் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். அந்த நுனியைக் கதவு வழியாக இருட்டுக்குள் எறிந்தாள்.

"அப்பா, பாடினது போதும். வெளிய வா."

பாட்டு நின்றது.

கயிறு மெல்ல நகர்ந்தது, இறுகியது, ஓர் ஆள் கனம் கனத்தது. பெல்மிரு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பின்னால் போனார்.

பாட்டு நின்றால் இழுக்க வேண்டும். அதுதானே சட்டம். வானியா காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள்.