கயிறு இழுக்கப் போன பதினெட்டுப் பேர்

நர்ஸ் அக்காவுக்கு அந்தக் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஊசி போடும் அறையிலிருந்து கடைசி ஆள் கையைத் தேய்த்துக்கொண்டே வெளியேறியதும், கைகழுவிவிட்டுப் பிரித்துப் படித்தாள். படித்து முடித்ததும் "போச்சுடா" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எழுதியிருந்தது எல்லைக்கு அந்தப் பக்கத்து இளைஞர் மன்றம். ஆண்டுதோறும் நடக்கும் நட்பு நாள் விழாவில் இந்த முறை கயிறு இழுக்கும் போட்டி. அது ஏற்கெனவே தெரிந்த சங்கதிதான். இப்போது புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: இரண்டு நாட்டுப் பிள்ளைகளையும் கலந்துதான் அணி பிரிக்கப்படும்.

அக்கா நடத்தும் மன்றத்தில் பதினெட்டுப் பேர். சனிக்கிழமை மாலைகளில் நூலகத்தின் மேல்மாடியில் கூடுவார்கள். எதிராளிகளை மண்ணைக் கவ்வ வைக்க ஒரு மாதமாகப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அக்காவின் கணவர் கிரேன் ஓட்டுபவர்; அவர் கொண்டுவந்து தந்த தடித்த கயிற்றை நூலகத்துக்குப் பின்னால் இருந்த மரத்தில் கட்டி, மரத்தையே வேரோடு பிடுங்கிவிடுவதுபோல இழுத்தார்கள்.

எல்லாருக்கும் முன்னால் நிற்பவள் இடி. ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள், வயது இருபது. மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடியே படியேறுவாள். வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும் என்பதால் அந்தப் பெயர். போன ஆண்டு விழாவில் கால்பந்து ஆட்டத்தில் கோலைக் காத்து நின்றவள் அவள்தான். ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். அந்த ஆறு கோலும் அன்றிலிருந்து அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை அக்கா கடிதத்தைப் படித்துக் காட்டினாள்.

"அப்போ நான் அவங்களோட சேர்ந்து இழுக்கணுமா?" என்றாள் இடி.

"ஆமா."

"நம்ம ஆளுங்களுக்கு எதிரா?"

"பாதிப் பேருக்கு எதிரா."

"நம்மால ஆகாதுக்கா. வேற ஆளைப் பாத்துக்கங்க." கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தடதடவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். "போய்ப் பேசிப் பாரேன்" என்றார் அவர்.

"இப்போ பேசினா இன்னும் முறுக்கிக்குவா."

"சரி, விடு. ஆனா ஒண்ணு. மொழி தெரியாதவங்க ஒண்ணா இழுக்கணும்னா எல்லாருக்கும் பொதுவா ஒரு கூப்பாடு வேணும். இல்லேன்னா ஆளுக்கொரு நேரத்துல இழுத்து மல்லாந்து விழுவாங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அடுத்த சனிக்கிழமையே இரண்டு மன்றமும் காணொளியில் பேச ஏற்பாடானது. மொழிபெயர்க்க அரைகுறை இருந்தான். முடிதிருத்தும் கடையில் வேலை. எல்லை தாண்டி வரும் வாடிக்கையாளர்களிடம் அந்த மொழியைப் பாதி கற்றிருந்ததால் அவனுக்கு அந்தப் பட்டம்.

பேச்சு தொடங்கும் நேரத்தில் இடி வந்தாள். கடையிலிருந்து மன்றத்துக்கு அனுப்பிய ரொட்டித் தட்டை வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பினாள். அதற்குள் திரையில் இருந்த ஒரு நெட்டைப் பெண் துள்ளி எழுந்து அவளைக் காட்டி ஏதோ கத்தினாள்.

"என்னவாம் அவளுக்கு?"

அரைகுறை காதைக் கூர்மையாக்கிக்கொண்டான். "போன வருஷம் இருபது பந்து அடிச்சாங்களாம். பதினாலை நீ பிடிச்சுட்டியாம். ஒண்ணை மூஞ்சியாலயே தடுத்தியாம். அவங்க மன்றத்துச் சுவத்துல உன் போட்டோ இருக்காம்."

நெட்டைப் பெண் ஓடிப்போய் அந்தப் படத்தையே கழற்றிக்கொண்டு வந்து காட்டினாள். வீங்கிய மூக்கோடு, பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு புல்லில் கிடந்தாள் இடி. விட்ட ஆறையே எண்ணிக்கொண்டிருந்தவளுக்குப் பிடித்த பதினாலை அதுவரை யாரும் எண்ணிச் சொல்லவில்லை.

"அந்தப் போட்டோவுல நான் நல்லா இருக்கேனான்னு கேளு."

கேட்டான். "மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசாம்."

மாடியே அதிரச் சிரித்தாள் இடி. நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிட்டது. "அக்கா! படம் நின்னுபோச்சு! அக்கா! அக்கா!" என்று பதினெட்டுப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அக்கா வந்து ஒயரை ஆட்டியதில் மிச்சமிருந்த இணைப்பும் போனது. பொதுக் கூப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசி முடிவாகவில்லை. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

விழா நாளன்று காலையில் பேருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. அந்தப் பக்கத்து மன்றத்தை நடத்தியவர் ஒரு தீயணைப்பு வீரர். சிவப்புத் துணி, நீலத் துணி என்று கொடுத்து அணி பிரித்தார். இடியும் நெட்டைப் பெண்ணும் சிவப்பு. முதலுதவிப் பெட்டியோடு மைதானத்தின் ஓரத்தில் அக்கா உட்கார்ந்தாள்.

விசில் ஒலித்தது.

"அக்... கா!"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்கோ கை போய்விட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"அக்... கா!" இன்னும் பலமாக.

"வந்துட்டேன்! யாருக்கு அடி? எங்க?"

இரண்டு மன்றத்து முப்பத்தாறு பேரும் பின்னால் சாய்ந்து, 'அக்'கில் மூச்சை இழுத்து, 'கா'வில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தீயணைப்பு வீரரும் கயிற்றின் பக்கத்திலேயே கையை வீசி நடந்து, கழுத்து நரம்பு புடைக்க "அக்... கா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

பிறகுதான் அரைகுறை விசாரித்துச் சொன்னான். அன்று காணொளியில் படம் நின்றபோது கேட்ட கத்தலைத்தான் இவர்களின் கூப்பாடு என்று நினைத்து, வாரம் முழுக்க அவர்கள் பழகியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் அது வசதியாகப் போயிற்று. அக்கா பெட்டியை அணைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"இத்தனை வருஷ வேலையில இத்தனை பேர் கூப்பிட்டு ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாதது இன்னிக்குத்தான்!"

சிவப்பு அணி தோற்றது. அதுவும் அரைகுறை இருந்த நீலத்திடம். இடி ஐந்து நிமிடம் உம்மென்று இருந்தாள். நெட்டைப் பெண் அவள் கையைப் பிடித்து எழுப்பி இன்னொரு ஆட்டம் கேட்டாள். பிறகு இன்னொன்று. நான்காவதுக்குப் பிறகு யார் ஜெயித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மாலையில் புறப்படும்போது அக்கா பேருந்தில் ஏறித் தலையை எண்ணினாள். பத்தொன்பது. மறுபடி எண்ணினாள். அதே பத்தொன்பது.

"ஒண்ணு குறைஞ்சா தேடலாம். கூடினா நான் என்ன பண்ணுவேன்?"

கடைசி இருக்கையில் இடிக்குப் பக்கத்தில் முழங்கால்களை மடக்கிக் குனிந்து ஒளிந்திருந்தாள் நெட்டைப் பெண்.

"பாலம் வரைக்கும்தான்க்கா. அவகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் இடி.

"எந்த மொழியில சொன்னே?"

"கையாலதான்."

அவளைத் தேடிக்கொண்டு தீயணைப்பு வீரர் ஏறினார். கடைசி இருக்கையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பிறகு முன் இருக்கையில் தானும் உட்கார்ந்துகொண்டார்.

"கிளம்பலாமா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"கிளம்புங்க. மெதுவாப் போனாப் போதும்" என்றாள் அக்கா.