உப்பு ஒத்தடம்

ரெங்கம்மாவின் கால்களில் உணர்ச்சி திரும்பிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன் லய வீடுகளெங்கும் பரவியிருந்தது. அதை வீடுவீடாகச் சொன்னவள் விஜயலெட்சுமி.

சென்ற ஐப்பசி மழையில், கொழுந்து மூட்டையோடு சரிவில் இறங்கிய ரெங்கம்மா கால் வழுக்கி, மழைநீர் வடியும் கானுக்குள் விழுந்தாள். முதுகெலும்பு முறிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்து, இரண்டு மாதம் வைத்திருந்து அனுப்பினார்கள். தோளும் கையும் பழைய வலிமையோடு இருந்தன. இடுப்புக்குக் கீழே இருப்பது தன் உடம்பு என்பதற்குக் கண் ஒன்றே சாட்சி. கணவன் வீரய்யா வெலிமடையில் மரக்கறி லொறி ஓட்டுபவன். விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவான். ஆகவே இருபது ஆண்டுகள் அவளுக்குப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறித்த விஜயலெட்சுமி, பகலுணவு வேளையிலும் மாலையிலும் ஓடிவந்து அவளைத் துடைப்பதையும் புரட்டிப் படுக்கவைப்பதையும் தன் கடனாக ஏற்றுக்கொண்டாள்.

அத்தோடு நிற்கவில்லை. தோழி எழுந்து நடக்கவேண்டுமென்று முருகப்பெருமானை வேண்டி, நாற்பத்தெட்டு நாள் நோன்பும் பூண்டாள். நாள்தோறும் மாலையில் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, வேலவன் திருநாமத்தைப் பாடியபடியே தோழியின் தொடையிலும் காலிலும் ஒத்தடம் கொடுத்தாள்.

"சூடு தெரியுதாடி?"

"லேசா தெரியுது."

அந்த ஒரு சொல்லுக்கு விஜயலெட்சுமியின் முகம் கார்த்திகை விளக்காய் ஒளிரும்.

ஐந்து மாதம் காத்திருந்து, ஆஸ்பத்திரிப் பயிற்சி வார்ட்டில் ரெங்கம்மாவுக்கு இடம் கிடைத்தது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அங்கிருந்து கழிவறைக்கும் கை பலத்தால் தானே மாறிக்கொள்ள இரண்டு வாரம் கற்பிப்பார்கள். யாராவது வரும்வரை நனைந்த துணியோடு கிடக்கும் அவமானம் தீரவேண்டும் என்பதைத் தவிர ரெங்கம்மாவுக்கு வேறு ஆசை இல்லை. விஜயலெட்சுமியோ நாற்காலி என்ற பேச்சையே விரும்பவில்லை.

"நடக்கப் போறவளுக்கு நாக்காலி எதுக்கு? நாளைக்கு டொக்டரம்மா தொட்டுப் பாக்கட்டும், அப்பறம் பேசுவோம்" என்று, புறப்படுவதற்கு முந்திய மாலை உப்பை வழக்கத்தைவிட நெடுநேரம் வறுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

"வையி. தெரியுது."

மறுநாள் காலை, தோட்டத்தில் வாடகைக்கு ஓட்டும் றினாஸின் வேனில் பதுளைக்குப் போனார்கள். பயிற்சி வார்ட்டுக்குப் பொறுப்பான டொக்டர் துவாரகா யாழ்ப்பாணத்துப் பெண். அவள் ரெங்கம்மாவைப் புரட்டிப் பார்த்தாள். தொடையின் பின்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கொப்பளித்து உடைந்திருந்தது.

"அக்கா, இது சூட்டுக் காயம். ஆர் வச்சது?"

"நாந்தாங்க. அவளுக்குத்தான் சூடு தெரியுதுங்களே" என்றாள் விஜயலெட்சுமி.

துவாரகா ஓர் ஊசியை எடுத்தாள். "ரெங்கம்மாக்கா, கண்ணை மூடுங்கோ. நான் தொடுறது தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்கோ."

ஊசிமுனை பாதத்தைத் தொட்டது. கணுக்காலைத் தொட்டது. முழங்காலையும் தொடையையும் தொட்டது. ரெங்கம்மாவின் உதடு அசையவில்லை. மூடிய இமைகளின் ஓரத்தில் மட்டும் நீர் கசிந்தது. ஏழு முறை தொட்டதையும் விஜயலெட்சுமி தன் கண்ணாலேயே கண்டாள்.

"இந்தப் புண்ணோட இவவை இருத்த ஏலாது. இருத்தினா ஆழமாப் போயிடும். குப்புறப் படுக்க வச்சு ஆத்துங்கோ. ஆறினாப் பிறகு திரும்ப இடம் கேட்டுப் பாப்பம்" என்றாள் துவாரகா.

அன்றே வேனில் வீடு திரும்பினார்கள். அடுத்த இரண்டு நாளும் விஜயலெட்சுமி அந்தப் பக்கம் வரவில்லை. வீரய்யா வேலைக்குப் போகாமல் மனைவியைப் பார்த்துக்கொண்டான். மூன்றாம் நாள் காலை விஜயலெட்சுமியின் போன் ஒலித்தது.

"என்னடி, செத்துட்டியா? இந்த மனுசனுக்குப் பொரட்டத் தெரியல, உருளக்கெழங்கு மூட்டனு நெனச்சு உருட்டறான். வந்து சேரு."

வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"ஏன்டி பொய் சொன்ன?"

குப்புறக் கிடந்த ரெங்கம்மா தலையை மட்டும் திருப்பினாள். "மொத நாளு தெரியலன்னுதானே சொன்னேன்? முந்தானைய வாயில வச்சிக்கிட்டு வெளிய ஓடுன. மூஞ்சி வீங்கித் திரும்பி வந்த. எந்திரிச்சு வந்து உன்னத் தேத்த என்னால ஆகுமா? அதான் மறுநாளு தெரியுதுன்னுட்டேன்."

விஜயலெட்சுமி உள்ளே வந்து கட்டிலருகே அமர்ந்தாள்.

"நான் நடக்கணும்னு நீ பட்டினி கெடந்த. எனக்கு என்னா வேணும்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

கேட்கவில்லைதான். நாற்பத்தொரு நாள் இறைவன் செவியில் ஓதியவள், அருகில் கிடந்தவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

"என்னடி வேணும் உனக்கு?"

"நானா கக்கூசுக்குப் போகணும்."

பிறகு விஜயலெட்சுமி மெல்ல, "நோம்புல இன்னும் ஏழு நாளு பாக்கி கெடக்கு. இத எப்படிடி சாமிகிட்ட போய்க் கேக்கறது?" என்றாள்.

"கக்கூசு இல்லாத காட்டுலயும் மேட்டுலயும் குடியிருக்கறவருதானே. அவருக்குப் புரியும்."

மிஞ்சிய ஏழு நாளும் விளக்கேற்றிப் பாடினாள், உப்பு வறுக்கவில்லை. காலையும் மாலையும் புண்ணைத் துடைத்து மருந்து கட்டி, கால் நெடுகத் தோல் சிவந்திருக்கிறதா என்று உற்றுப் பார்த்தாள். ரெங்கம்மாவோ குப்புறக் கிடந்தபடியே கைகளை ஊன்றி மார்பை உயர்த்திப் பழகினாள். புண் ஆற ஏழு வாரம் சென்றது. மறுபடி இடம் கிடைக்க மேலும் ஒரு மாதம். அதற்குள் வீரய்யா வாசற்படியை மறைத்துச் சீமெந்தில் சரிவு கட்டி, கழிவறைக் கதவையும் அகலப்படுத்தி வைத்தான்.

பயிற்சி முடிந்து வந்த மறுநாள், மலையில் மூடுபனி விலகுமுன்னே ரெங்கம்மா சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள். பின்னாலேயே விஜயலெட்சுமி. கழிவறைக்குள், பயிற்சியில் கொடுத்த கைக்கட்டையை ஊன்றும் சத்தமும், நீண்ட மூச்சும், ஏதோ ஒன்று சறுக்கிய ஒலியும் கேட்டன.

"ரெங்கு?"

"உசுரோடதான் இருக்கேன். நீ ஏன்டி அங்க நிக்கிற?"

"சும்மாதான்."

"ஆளு நின்னா எனக்கு வருமா? போடி அங்கிட்டு."

விஜயலெட்சுமி லயத்தின் மறுகோடிவரை நடந்து போனாள். அவளுக்குப் பின்னால் தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுந்தது.